அந்த வீடியோவில் நான் ஆடவில்லை

கொல்லிமலை,
ஆனி மாதம், திங்கட்கிழமை காலை. வெளியே தூறல்.

மதிப்பும் அன்பும் மிக்க மச்சான் கதிரேசன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வனிதாவைக் கைப்பிடித்தவனும், இம்மலையின் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியனுமாகிய அர்த்தநாரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வனிதாவும் மோனிஷாவும் உடல் அளவில் நலம். சேந்தமங்கலத்தில் தாங்களும் தங்கள் வீட்டாரும், உரக்கடையும், கடைக்கு முன்னால் படுத்திருக்கும் அந்த நாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடல் அளவில் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், நேற்று இங்கே வந்திருந்த முள்ளுக்குறிச்சி சங்கீதா ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். அதன் கீழே தாங்கள் கண்ணீர் விட்டுச் சிரிக்கும் மஞ்சள் பொம்மைகளை ஒரு வரி முழுக்க நட்டு வைத்திருப்பதையும் பார்த்தேன். அந்த வீடியோவில் வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் கை கட்டி, சமுதாயக் கூடத்தின் நடுவே சுற்றிச் சுற்றி வருபவன் நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் நான் ஆடவில்லை. அது மேற்பார்வை. இந்த வித்தியாசம் தங்களுக்குப் புரிய வேண்டுமானால் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும், முதலில் என்றால் அது தங்களிடமிருந்துதான் தொடங்குகிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது.

மோனிஷா பட்டம் வாங்கியபோது தாய்மாமன் சீராகத் தாங்கள் லேப்டாப் வாங்கிக் கொடுத்தீர்கள். ஒரு சங்கிலி போட்டிருந்தால் அது பாட்டுக்குக் கழுத்தில் கிடந்திருக்கும், சத்தம் போட்டிருக்காது. லேப்டாப்பை வைத்துக்கொண்டு குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பாள் என்று நான் கனவு கண்டுகொண்டிருக்க, அவள் அதில் ஏதோ ஒரு சாப்ட்வேரை ஏற்றி, தோசைக்கல் அளவில் இரண்டு வட்டங்கள் பதித்த ஒரு பலகையை வாங்கி அதில் சொருகி, டிஜே ஆகிவிட்டாள். இப்போது மலையில் காதுகுத்து, சீர், கல்யாணம் எதுவானாலும் மோனிஷாதான். செம்மேடு பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள், அவள் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிற படத்தோடு, ‘டிஜே மோனி’ என்று. தினமும் பள்ளிக்குப் போகும்போது அந்த இடம் வந்தால் எதிர்ப்பக்கம் இருக்கும் டீக்கடையைப் பார்த்துக்கொண்டே கடப்பேன். மூடுபனி நாட்களில் எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

இப்படியே போயிருக்கும். போன மாதம் காளியண்ணன் வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஊரில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர். அவர் மகன் கார்த்தியும் டிஜேதான், ஆனால் கம்ப்யூட்டர் இல்லாத டிஜே. இரண்டு பிளேயர், நடுவில் ஒரு மிக்சர், ஒரு காதில் ஹெட்போன், ஓடுகிற பாட்டின் வேகத்துக்கு அடுத்த பாட்டைக் கையாலேயே திருகிச் சேர்த்துவிடுகிற பையன். அவனுக்கு வர வேண்டிய ஒரு கல்யாணம் மோனிஷாவுக்குப் போய்விட்டது. காளியண்ணன் கையில் ஒரு பை மிளகோடு வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க சார், எம் பையன் காதுல வாங்கிக் கையில சேர்த்து, வேர்த்து விறுவிறுத்து வாசிக்கிறானுங்க. உங்க பாப்பா ஒரு பட்டன அமுக்கிப்போட்டு டீ குடிக்குதுங்க. ரெண்டு பாட்டும் அதுவாவே கை கோத்துக்கிட்டுப் போவுது. இது காப்பியடிக்கறது இல்லீங்களா? உங்களுக்குத் தெரியாத காப்பிங்களா?”

அந்தக் கடைசிக் கேள்வியில் நான் விழுந்துவிட்டேன் மச்சான். பொதுத்தேர்வுப் பறக்கும் படையில் எனக்கு இருந்த பெயர் தங்களுக்குத் தெரியும். சடைக்குள் சுருட்டிய பிட்டு, சாக்ஸுக்குள் மடித்த பிட்டு, பரோட்டாவுக்குள் வைத்த பிட்டு, எல்லாவற்றையும் எடுத்தவன். நான் ஹாலுக்குள் நுழைந்தால் நிரபராதிகளும் வியர்ப்பார்கள். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே காப்பியா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. மிளகைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன், தங்கள் தங்கை அதற்குள் டப்பாவில் கொட்டிவிட்டிருந்தாள்.

அன்றைக்கே மோனிஷாவை உட்கார வைத்து விசாரணை நடத்தினேன். திரையில் இரண்டு கோடுகள் நெளிந்துகொண்டு ஓடின. ஒரு பட்டனைக் காட்டினாள்.

“இதுதாங்ப்பா சிங்க். இத அமுக்குனா ஓடற பாட்டோட வேகத்துக்கு அடுத்த பாட்டு தானா வந்துரும்.”

“வர வைப்பது யார்?”

“சாப்ட்வேருங்ப்பா.”

“அந்த நேரத்தில் நீ என்ன செய்வாய்?”

“அடுத்து எந்தப் பாட்டப் போடலாம்னு யோசிப்பேன்.”

“விடையை வேறொருவன் எழுதிக்கொண்டிருப்பான், நீ பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாய். இதற்கு என் டிபார்ட்மென்டில் என்ன பெயர் தெரியுமா?”

“ஏனுங்ப்பா, நீங்க பசங்க மார்க்கெல்லாம் கம்ப்யூட்டர்லதான போடறீங்க? கூட்டல் அதுதான போடுது? அது காப்பிங்களா?”

அது மேலிடத்து உத்தரவு என்றேன். இது கீழிடத்து உத்தரவு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். தங்கள் வீட்டு வாய். பேச்சு முற்றி, வனிதா இடையில் வந்து, அவளும் ஒதுங்கிவிட்ட பிறகு, மோனிஷா எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னாள்.

“சரிங்ப்பா, நீங்களே நடுவரா இருங்க. நானும் கார்த்தியும் வாசிக்கிறோம். எல்லார் முன்னாடியும் நீங்க காப்பினு சொன்னீங்கன்னா, லேப்டாப்ப மூடிப்போட்டுக் குரூப் ஃபோர் எழுதறேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டேன். காப்பி இல்லேன்னு சொன்னீங்கன்னா, இனிமே அந்த ஃபிளெக்ஸத் தாண்டறப்ப மொகத்தத் திருப்பாம போகோணும்.”

நான் முகத்தைத் திருப்புவது அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன். குரூப் ஃபோர் வழிகாட்டி நூலை அப்போதே வாங்கி பீரோவில் வைத்திருந்தேன் என்பதையும் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் சமுதாயக் கூடத்தில் போட்டி. நான் நடத்துவது என்றால் அதற்கு ஒரு முறை வேண்டும் அல்லவா. இருவர் மேசைகளையும் எதிரெதிர் மூலையில் போட்டேன். இன்னின்ன பாட்டுகளைத்தான் வாசிக்கலாம் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சாட்சிகள் முன்னிலையில் பிரித்தேன். தேர்வர் இருவரின் செல்போன்களையும் வாங்கி வைத்தேன். தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கிழித்தேன். மோனிஷா சிங்க் பட்டனை அமுக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கையைத் தூக்க வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி போட்டேன்: பார்வையாளர்கள் யாரும் ஆடக் கூடாது. எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எப்படி ஆடுகிறது என்று பார்த்து அடுத்த பாட்டைத் தேர்வர் தெரிந்துகொண்டால் அது வெளியாள் உதவி. தேர்வு மையத்துக்கு வெளியே ஜன்னல் வழியாக விடை சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

காளியண்ணன் வீட்டுக்காரம்மா பொன்னாயி, ஆடுவதற்கென்றே புதுச் சேலை கட்டி முன்வரிசையில் வந்து நின்றிருந்தவர், முகம் வாடிப் போனார். “ஆடாம பாட்டுக் கேக்கறதுன்னா ஊட்லயே ரேடியோ இருக்குதுங்களே சார். இதுக்கா மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தேன்?” என்றார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

முதலில் கார்த்தி. நான் நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தேன். பையன் திறமைசாலிதான், பாட்டுக்குப் பாட்டு சேருகிற இடம் தெரியவில்லை, ஆனால் ரசித்தாலும் அதைக் காட்டிக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை. கூடம் முழுக்கக் கை கட்டி, தலை குனிந்து, ஆடாமல் அசையாமல் நின்றது. பின்வாசல் வழியாகத் தாமதமாக வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம், “யாரு தவறிட்டாங்க?” என்று மெதுவாகக் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. கார்த்தி சட்டை முழுக்க நனைந்து, கண் கலங்கி மேசையை விட்டு வந்தான். “செவுத்துக்கு வாசிச்ச மாதிரி இருக்குதுங்க சார்” என்றான்.

அடுத்து மோனிஷா. இங்கேதான் மச்சான் என் நேர்மை என்னைக் கெடுத்தது. அடுத்தவர் பிள்ளைக்கு உட்கார்ந்து மேற்பார்வை செய்தவன், சொந்த மகளுக்கும் உட்கார்ந்தே செய்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? கண்காணிப்பு இரட்டிப்பாக இருக்க வேண்டும் என்று எழுந்தேன். அவள் என் மகள் என்கிற பாசம் முகத்தில் தெரியக் கூடாது என்று அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் கை கட்டி, தேர்வு ஹாலில் நடப்பது போல வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தேன்.

தொடக்கத்திலேயே கையைத் தூக்கினாள், பட்டனை அமுக்கினாள், ஓரக்கண்ணால் பார்த்து நான் குறித்துக்கொண்டேன். பிறகு தூக்கவே இல்லை. பாட்டு நிதானமாகப் போயிற்று. எனக்கும் மனதுக்குள் ஒரு திருப்தி பரவியது, இத்தனை பேர் இருக்கிற கூடம் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறது என்று. மூலைக்குப் போய்த் திரும்பினேன், பாட்டில் உருமியும் அங்கேயே திரும்பியது. தற்செயல் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த ஒருவனை முறைப்பதற்காக நின்றேன், பாட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது. கூடத்தில் அங்கங்கே குசுகுசுவென்று சத்தம். இப்படிச் சத்தம் வந்தால் எங்கோ பிட்டு கைமாறுகிறது என்பது என் அனுபவம். வேகமாக நடந்தேன். பாட்டும் வேகமாயிற்று. அதற்கு மேல் சந்தேகம் வந்து, பறக்கும் படையில் நாங்கள் செய்கிற அந்தத் திருப்பத்தைப் போட்டேன், ரெண்டு அடி முன்னால் போய்ச் சடக்கென்று பின்னால் திரும்புவது, அதில் மாட்டாதவன் கிடையாது. நான் திரும்பிய அதே நொடியில் கொட்டு ‘தடார்’ என்று விழுந்தது. சரிபார்க்க வேண்டும் என்று மறுபடி திரும்பினேன். மறுபடி தடார். வீடியோவில் நான் பம்பரம் போலச் சுழல்வதாகத் தெரிகிற இடம் இதுதான். விரலை ஆட்டியது எச்சரிக்கை. தோள் குலுங்கியது பழைய வாயுப் பிடிப்பு, வனிதாவைக் கேட்டால் சொல்வாள்.

“சாரே ஆடறாருங்கடி, இன்னும் என்னத்துக்குக் கையக் கட்டிக்கிட்டு?” என்றார் பொன்னாயி. அவ்வளவுதான், கூடம் உடைந்தது. பொன்னாயி ஆட, காளியண்ணன் துண்டைத் தலைக்கு மேலே சுழற்ற, செருப்பைக் கழற்றிவிட்டு இரங்கல் தெரிவிக்க நின்ற பெரியவர் எல்லோருக்கும் முன்னால் ஆடினார். நான் நடுவில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி, நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று கத்தினேன். வீடியோவின் கடைசியில் நான் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி ஆடுவது போலத் தெரிவது அதுதான்.

பாட்டு முடிந்ததும் நேராக மேசைக்குப் போனேன்.

“ஆரம்பத்தில் ஒரு தடவைதான் கையைத் தூக்கினாய். மிச்ச நேரமெல்லாம் கள்ளத்தனமாகவா பட்டனை அமுக்கினாய்?”

“இல்லீங்ப்பா. அந்தப் பட்டன் ரெண்டு பாட்டத்தான் ஒண்ணுக்கொண்ணு சேர்க்கும். உங்க காலோட சேர்க்கறதுக்கு அதுல ஒண்ணுமில்லீங்ப்பா. கையாலதான் தள்ளித் தள்ளிக் கொண்டு வந்தேன்.”

“என் காலை எதற்குப் பார்த்தாய்?”

“வேற எந்தக் காலப் பாக்கறது? எல்லாத்தையும் நிக்க வெச்சுட்டீங்க. நான் எப்பவும் கூட்டத்தோட காலப் பாத்துத்தாங்ப்பா அடுத்த பாட்டப் போடறது. இன்னைக்கு அசையற கால் உங்களுது மட்டுந்தான் இருந்துச்சு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அதுவுமில்லாம உங்க செருப்புச் சத்தம் எனக்குச் சின்னதுல இருந்தே மனப்பாடமுங்ப்பா. எங்க நிப்பீங்க, எங்க திரும்புவீங்கன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். அந்தச் சத்தம் வாசல்கிட்ட வர்றதுக்குள்ள நான் புஸ்தகத்தக் கையில எடுத்தாகோணுமில்ல.”

குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கார்த்தியே முன்னால் வந்து, “நான் ஒத்துக்கறனுங்க சார், அதப் பட்டன் பண்ணலீங்க, மோனிதான் பண்ணுச்சு” என்றான். காளியண்ணன் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அப்பறம் என்னங்க, நல்ல தீர்ப்பாச் சொல்லிப்போடுங்க” என்றார். கூடமே என் வாயைப் பார்த்தது. ஆனால் எத்தனை வருட உத்தியோகப் பழக்கம். மைக்கை வாங்கினேன். பட்டனை அமுக்குவது காப்பி ஆகாது என்று முதலில் ஒப்புக்கொண்டேன், எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடித்ததும் தொடர்ந்தேன்: ஆனால் தேர்வர் கண்காணிப்பாளரின் காலைப் பார்த்து விடை எழுதியிருக்கிறார், இது காப்பிதான், இதற்கு உடந்தையாக இருந்த கண்காணிப்பாளர் மீதும் தனியாக நடவடிக்கை எடுக்கப்படும்.

தட்டிய கைகளெல்லாம் மறுபடி கட்டிக்கொண்டன. மோனிஷா கொடுத்த வாக்குப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள். “என்னங்க சார் இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க” என்று சொல்லிவிட்டுக் காளியண்ணன் வெளியே போனார். கொடுத்த மிளகைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்காதது எனக்கு என்னவோ போல இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் லேப்டாப்பைத் துடைத்து, தாங்கள் கொடுத்த அதே பெட்டியில் வைத்து மூடி, குரூப் ஃபோர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சொன்ன சொல் தவறவில்லை. எனவே மச்சான், லேப்டாப்பை மதிய பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். சேந்தமங்கலம் பஸ் நிலையத்தில் பெற்றுக்கொள்ளவும். தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்புவது முறையல்ல என்று எனக்கும் தெரியும், தாங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “எங்கண்ணன் சீரு எந்த பஸ்ல போகுதோ அதே பஸ்ல நானும் போறேன்” என்று வனிதா சொல்லியிருக்கிறாள். ஆகவே பெட்டியைப் பெற்றுக்கொள்ளும்போது பின் இருக்கையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும். அந்த வீடியோவைத் தாங்கள் உடனே அழிக்க வேண்டும், சங்கீதாவிடமும் சொல்லி அழிக்கச் செய்ய வேண்டும், பார்த்த அனைவரிடமும் அது மேற்பார்வைதான் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு தலைமையாசிரியனின் மானம் தங்கள் செல்போனில் இருக்கிறது.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு என் ஆசியையும், கடைக்கு வரும் விவசாயிகளுக்கு நல்ல மழையையும் அறப்பளீசுவரர் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை இன்னும் பஸ் ஏறாத வரையில் தங்கள் மைத்துனன்,
அர்த்தநாரி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, பெட்டியைச் சணல் போட்டுக் கட்டி வைத்துவிட்டு, பஸ் நேரம் வரட்டும் என்று வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். மோனிஷா மேசையில் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு சின்னச் சத்தம். பார்த்தால், குரூப் ஃபோர் புத்தகத்தின் மேல் அவள் விரல் தட்டிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். விரல் நின்றது. நான் நடந்தேன். விரல் தட்டியது. அவளுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, அந்தப் பறக்கும் படைத் திருப்பத்தை ஒன்று போட்டேன். புத்தகத்திலிருந்து நிமிராமலேயே மேசையில் தடார் என்று ஓர் அடி. அடுப்படியில் வனிதா சிரித்துவிட்டாள். முதலில் சிரித்தது நான்தான் என்று அவள் சொல்கிறாள்.

என் உத்தியோகத்தில் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள், பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து ஒருத்தரும் காப்பியடித்ததில்லை மச்சான். யாருக்கும் அப்படி ஒரு ஆசை வந்ததில்லை.

எனவே மேற்படி தீர்ப்பு ரத்து. டீக்கடையில் காளியண்ணனைப் பிடித்து, நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டும் வந்துவிட்டேன். அப்படியே பஸ் நிறுத்தத்தில் நின்று ஃபிளெக்ஸை நேராகப் பார்த்தேன். நம் பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. மதிய பஸ்ஸில் வருவது லேப்டாப் அல்ல, பலாப்பழம். வனிதா வரவில்லை, பின் இருக்கையைப் பார்க்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொன்னாயியின் தம்பிக்குக் கல்யாணம், மோனிஷாவும் கார்த்தியும் சேர்ந்து வாசிக்கிறார்கள். சார் மேற்பார்வைக்கு வந்தால்தான் என்று பொன்னாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடமை என்று வந்தால் நான் தட்டுவதில்லை.

வீடியோவை அழிக்க வேண்டாம். அதில் நான்தான் தெரிகிறேன், மோனிஷா தெரியவில்லை. நான் திரும்பி நடந்துகொண்டிருந்ததால் அந்த நேரத்தில் அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. மோனிஷாவின் முகம் தெரிகிற மாதிரி சங்கீதாவிடமோ வேறு யாரிடமோ ஒன்று இருந்தால், தயவுசெய்து வாங்கி எனக்கு அனுப்பி வைக்கவும்.